புட்டுக்குழல் வெளிச்சத்தில் ஒரு தேனடை

"அஞ்சு நிமிசம். அதுக்கு மேல ஒரு நொடி தரமாட்டேன், கேட்டியா" என்று சொல்லிவிட்டு, என் கணவர் தங்கையன் ஒரு தேனடையைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் வைத்தார். பக்கத்தில் அவர் பாதியில் விட்டுப்போன புட்டும் பழமும் இருந்தன.

இந்த மனிதர் புட்டைப் பாதியில் விடுகிறார் என்றால் விஷயம் சின்னதல்ல. கல்யாணமான இத்தனை வருஷத்தில் அப்படி நடந்தது மூன்று தரம்தான். ஒன்று, அவருடைய அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது. மற்ற இரண்டும் தேனீ சம்பந்தப்பட்டவை.

"எடுத்துக்கோ. காலி அடையாக்கும். தேனும் இல்ல, புழுவும் இல்ல, முட்டையும் இல்ல. உனக்கு வேண்டியது இந்தக் கட்டம் கட்டமான அறைதானே?"

அதேதான். தேனடையின் ஆறுபக்க அறைகளைக் கிட்டத்தில் வைத்துப் படமெடுக்க வேண்டும் என்று பல மாதமாக அவரை நச்சரித்துக்கொண்டிருந்தேன். ஈ இருக்கிற அடையை வீட்டுக்குள் கொண்டுவர அவர் சம்மதிக்கவில்லை. அன்றைக்கு ஒரு பெட்டி கைவிட்டுப் போன துக்கத்தில், அடையிலிருந்த ஈக்களை உதறிவிட்டு, மரச்சட்டத்தோடு தானாகவே கொண்டுவந்து தந்தார். அடுத்தவர் துக்கத்தில் நமக்கு ஆதாயம் வரும்போது முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. சிரிக்காமல் வாங்கிக்கொண்டேன்.

ராணி இல்லாத பெட்டி

இந்தத் தொடரை ஆரம்பத்திலிருந்து வாசிப்பவர்களுக்கு எங்கள் வீட்டைத் தெரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். மார்த்தாண்டத்துக்குக் கொஞ்சம் மேற்கே, ரப்பர் தோட்டத்தின் ஓரத்தில் இருக்கிறோம். நான் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் எழுத்தர். அவர் தேன் பெட்டி வைத்திருக்கிறார்.

நாலைந்து வருஷத்துக்கு முந்தைய தை மாதம் அது. ரப்பர் மரங்கள் இலையுதிர்த்து மொட்டையாக நிற்கும், பிறகு தளிர்விடும். அந்தத் தளிரின் காம்பில் தேன் ஊறும். எங்கள் பக்கத்துத் தேன்காரர்களுக்கு அதுதான் அறுவடைக் காலம். பெட்டிகளை லாரியில் ஏற்றி மலையோரத் தோட்டங்களுக்குக் கொண்டுபோவார்கள். மறுநாள் விடியற்காலையில் எங்கள் பெட்டிகளும் புறப்பட வேண்டியிருந்தது.

அந்த நேரம் பார்த்து ஒரு பெட்டியில் ராணி இல்லை என்றார் இவர். கூட்டத்துக்குள் ஓடி ஒளியும் ராணியைத் தேடுவதைவிட, அவள் இட்ட முட்டையைத் தேடுவது சுலபம். அறையின் அடியில் முட்டை இருந்தால் ராணி இருக்கிறாள் என்று அர்த்தம். அடையை வெயிலுக்கு நேரே பிடித்து மூன்று தரம் பார்த்தார். முட்டை இல்லை. ஈக்கள் வேறு ஒரு மாதிரி இரைந்துகொண்டிருந்தன.

ராணி இல்லாத கூட்டம் கொஞ்ச நாளில் அழிந்துபோகும். காப்பாற்ற வேண்டுமானால் ராணியுள்ள இன்னொரு பெட்டியோடு சேர்க்க வேண்டும். நடுவில் ஒரு செய்தித்தாளை விரித்து, ஒரு பெட்டியின் மேல் இன்னொன்றை வைப்பார்கள். ஈக்கள் அந்தத் தாளைக் கடித்துத் துளைத்து முடிப்பதற்குள் இரண்டு கூட்டத்துக்கும் ஒரே வாசம் வந்துவிடும், சண்டை இருக்காது. ஆனால் இரண்டு பெட்டியிலும் ராணி இருந்துவிட்டால், ஒருத்தி சாக வேண்டியதுதான்.

அந்தப் பெட்டி அவருக்கு வெறும் பெட்டி அல்ல. எங்களுக்குக் கல்யாணமான புதிதில், ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை நடுவில், எங்கள் சர்ச் மணிக்கூண்டில் ஒரு தேனீக் கூட்டம் வந்து இறங்கியது. பிரசங்கம் நின்றுபோனது. போதகர் ஐயர் இவரைப் பார்த்தார், சபை முழுவதும் இவரைப் பார்த்தது. இவர் வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மேலே ஏறினார். அத்தனை ஆயிரம் ஈக்களுக்கு நடுவில் ராணியைக் கண்டுபிடித்து, தீப்பெட்டிக்குள் அடைத்து, சட்டைப்பையில் போட்டுக்கொண்டு இறங்கினார்; கூட்டமும் அவள் பின்னாலேயே வந்தது. கீழே நின்று பார்த்த எனக்கு அன்றைக்குத்தான் இவர்மேல் பிரியம் வந்தது. கல்யாணம் அதற்கு இரண்டு மாதம் முன்பே முடிந்திருந்தது.

அந்தக் கூட்டத்தின் வழியில் வந்ததுதான் இந்தப் பெட்டி. கொட்டவே தெரியாத ஈக்கள் என்று அதைச் செல்லம் கொஞ்சுவார். மணிக்கூண்டுச் சம்பவத்துக்குப் பிறகு, சுற்றுவட்டாரத்தில் யாருக்கு ராணி தென்படாவிட்டாலும் இவரைத்தான் கூப்பிட்டார்கள். "தங்கையனுக்கக் கண்ணு" என்று ஒரு பேச்சே உண்டாகிவிட்டது.

ஸ்டூலில் ஓட்டை

இப்போது என் பைத்தியத்துக்கு வருகிறேன்.

முதலில் செல்போன் கேமராவின் மேல் ஒரு சொட்டு தண்ணீர் வைத்துப் படமெடுத்தால் சின்னது பெரிதாகத் தெரியும் என்று யாரோ வீடியோவில் சொன்னார்கள். வைத்தேன். எறும்பு பெரிதாகத்தான் தெரிந்தது. தண்ணீர் உள்ளே இறங்கி, போனை இரண்டு நாள் அரிசிப் பானைக்குள் புதைத்து வைக்க வேண்டி வந்தது.

அடுத்து, கெட்டுப்போன டிவிடி பிளேயரைப் பிரித்து, அதன் உள்ளே இருந்த மிளகு அளவு லென்சை எடுத்துத் தலைக் கிளிப்பில் செருகி, போனில் மாட்டினேன். அது உண்மையாகவே வேலை செய்தது. சீனித் துகளைப் படமெடுத்தேன், உப்பைப் படமெடுத்தேன், என் சேலை நூலைப் படமெடுத்தேன். புழக்கடையில் வாழைக்கன்றுக்குப் பக்கத்தில் குப்புறப் படுத்து ஒரு முசுறு எறும்பைப் படமெடுத்துக்கொண்டிருந்தபோது, அடுத்த வீட்டு சரோஜம் அக்கா "லில்லி விழுந்து கெடக்காளே, ஓடி வாருங்க" என்று ஊரைக் கூட்டிவிட்டாள். நான் எழுந்து சேலையைத் தட்டி, எறும்பைக் காட்டினேன். அவள் என்னை நம்பவில்லை. நாலு நாள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வளைகுடாவிலிருந்து வந்த என் தம்பி தன் டிஜிட்டல் கேமராவையும், அவனுடைய பழைய பிலிம் கேமராவின் லென்சையும் கொடுத்தபிறகுதான் நான் முழுதாகக் கெட்டுப்போனேன். லென்சைத் தலைகீழாகத் திருப்பி மாட்டினால் பூதக்கண்ணாடி ஆகிவிடும் என்று தெரிந்துகொண்டேன். மாட்டுவதற்கு ஒரு வளையம் வேண்டும். பைப் கடைக்குப் போனேன்.

"எத்தன இஞ்சு அக்கா? சமையலறைக்கா, பாத்ரூமுக்கா?" என்றார் கடைக்காரர்.

"கேமராவுக்கு" என்றேன்.

அவர் ஒரு பெட்டி நிறையப் பைப் துண்டுகளை என் முன்னால் கொட்டிவிட்டு அடுத்த ஆளைக் கவனிக்கப் போய்விட்டார். கேமராவின் மூடியில் ஓட்டை போட்டு, அதில் பைப் துண்டை ஒட்டி, மறுமுனையில் லென்சைத் தலைகீழாகச் செருகி, சைக்கிள் டியூபால் இறுக்கிக் கட்டினேன்.

கை நடுங்கினால் படம் போச்சு. அதற்கு பிளாஸ்டிக் ஸ்டூல் கைகொடுத்தது. எல்லார் வீட்டிலும் இருக்கிற, நடுவில் வட்ட ஓட்டை உள்ள குட்டை ஸ்டூல். கத்தியைச் சூடாக்கி ஓட்டையைப் பெரிதாக்கி, லென்ஸ் கீழே பார்க்கிற மாதிரி கேமராவை அதில் உட்காரவைத்தேன். படமெடுக்கிற பொருளை அடியில் செய்தித்தாள் கட்டின் மேல் வைக்க வேண்டும். தெளிவாகத் தெரியவில்லையா, ஒரு தாளை உருவு. இன்னும் தெரியவில்லையா, இன்னொன்றை உருவு. ஒரு தாள் கனம் கூடினால் கொசுவின் மீசை தெரியும், குறைந்தால் கால் தெரியும்.

வெளிச்சத்துக்குப் புட்டுக்குழல். ஒரு முனையில் டார்ச், மறுமுனையில் கிறிஸ்துமஸ் நட்சத்திரத்திலிருந்து கிழித்த வெள்ளைத் தாள். அலுமினியக் குழலுக்குள் வெளிச்சம் அங்குமிங்கும் முட்டி, மிருதுவாகி வெளியே வரும். "இண்ணைக்குப் புட்டா, இல்ல போட்டோவா?" என்று இவர் காலையில் சமையலறை வாசலில் நின்று கேட்பது வழக்கமாகிவிட்டது.

ஆனால் என் படங்களைப் பற்றி இவர் சொன்னதெல்லாம் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம் வரும் ஒரே வார்த்தைதான். "கொள்ளாம்." எதைக் காட்டினாலும் கேமராவைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்து, தலையைப் பின்னால் சாய்த்து, "கொள்ளாம்". ஒருமுறை எட்டுக்கண் சிலந்தியின் முகத்தைக் காட்டினேன். அதற்காக மூன்று மணி நேரம் முதுகு ஒடியக் குனிந்திருந்தேன். "கொள்ளாம், பூ நல்லா இருக்கு" என்றார். அன்றைக்கு நான் இரவுச் சாப்பாடு பரிமாறவில்லை. பார்க்கக்கூட மனமில்லாத ஆளுக்குக் காட்டுவதில்லை என்று முடிவெடுத்தேன். அந்த முடிவு ஒரு வாரம் இருந்தது.

வரிசையாக விழுந்த தூசி

அன்று காலைக்குத் திரும்புகிறேன்.

அவர் தந்த ஐந்து நிமிஷத்தில் இரண்டு நிமிஷம் தாள்களை உருவுவதில் போனது. அறைகளின் விளிம்பு தெளிந்தது. மெழுகு இளமஞ்சளாக மின்னியது. ஆனால் எனக்கு அடிவரை பார்க்க வேண்டும் என்று ஆசை. தாள்களைத் திரும்பச் சொருகி அடையை உயர்த்தினேன். அறையின் அடி தெளிந்தபோது நடுவில் வெள்ளையாக என்னவோ நின்றது.

நட்சத்திரத் தாளின் நார் உதிர்ந்துவிட்டது என்று நினைத்தேன். லென்சை ஊதினேன், துடைத்தேன். மறுபடியும் எடுத்தேன். நார் அங்கேயே இருந்தது. அடையைக் கொஞ்சம் நகர்த்தி அடுத்த அறையைப் பார்த்தேன். அங்கும் ஒன்று. அதற்கு அடுத்ததிலும் ஒன்று.

தூசி இப்படி வீட்டுக்கு ஒன்றாக எண்ணி விழாது.

கேமராவைக் கையில் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினேன். இவர் பெட்டியின் மேல் செய்தித்தாளை விரித்துவிட்டு, கூடவே பெட்டி பார்க்கப் போகும் தேன்கார நண்பர் சுகுமாரனின் வண்டிக்காகக் காத்து நின்றார். ராணியுள்ள பெட்டியைக் கொண்டுவருவது சுகுமாரன்தான். கேமராவின் திரையை இவர் முகத்துக்கு நேரே நீட்டினேன்.

தள்ளிப் பிடித்தார். தலையைப் பின்னால் சாய்த்தார்.

"கொள்ளாம்" என்றார்.

"அறைக்குள்ள என்ன தெரியுது?"

"என்ன தெரிய? வெறும் அறைதான். போய் அடைய எடுத்துட்டு வா, நேரம் ஆச்சு."

எனக்குச் சட்டென்று எல்லாம் விளங்கியது. சிலந்தி ஏன் பூவானது என்று விளங்கியது. சில மாதமாகச் செய்தித்தாளை மடித்துவிட்டு "ஒண்ணும் இல்ல இதுல" என்று ஏன் டிவி செய்தி பார்க்கிறார் என்று விளங்கியது. கோபித்துக்கொண்டு சோறு போடாமல் இருந்த என்னை நானே நாலு சாத்து சாத்தலாம் போலிருந்தது. தங்கையனுக்கக் கண்ணு மங்கியிருந்தது. ஊருக்குத் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. அவர் தனக்கே அதைச் சொல்லிக்கொள்ளவில்லை.

அப்போது சுகுமாரனின் வண்டி உள்ளே திரும்பியது. படத்தை அவரிடம் காட்டினால் ஒரு நொடியில் வேலை முடிந்துவிடும் என்றுதான் நினைத்தேன். ஆனால் சுகுமாரன் முன்னால் இவரைத் தலைகுனிய வைக்க எனக்கு மனம் வரவில்லை. பெட்டிக்குள் ஒருத்தி உயிரோடிருந்தாள். அவளைச் சாகவிடவும் முடியாது.

"சுகுமாரா, கட்டன்சாயா குடிச்சிட்டு இறக்கலாம்" என்று அவரை முற்றத்து நாற்காலியில் உட்காரவைத்தேன். இவர் கையைப் பிடித்து உள்ளே இழுத்தேன்.

"ஏட்டி, இப்ப டிவி பாக்கப்பட்ட நேரமா?"

"ஒரு நிமிசம் இருங்க. பின்ன நான் ஒண்ணும் கேக்கமாட்டேன்."

கேமராவின் கார்டை டிவியில் செருகினேன். திரை நிறைய ஒரே ஒரு அறை வந்தது. அதன் அடியில், உரித்த பூண்டுப்பல் அளவில், முட்டை நட்டுக்குத்தலாக நின்றது.

நட்டுக்குத்தலாக

இவர் டிவிக்குப் பக்கத்தில் போனார். பிறகு பின்வாங்கினார்.

"இது எந்தப் பெட்டிக்க அடை?"

"நீங்க தந்ததுதான்."

"இப்ப எடுத்ததா?"

"இப்ப."

"நிக்குது பாரு" என்றார் மெதுவாக. "இன்னும் சாயல்ல. நாள் போனா சாஞ்சிரும். இண்ணைக்கு இட்டதாக்கும். மழை முடியுமட்டும் இடாம இருந்திருக்கா, கள்ளி." பிறகு திடீரென்று பதற்றம் வந்து, "அடுத்த படம் காட்டு. ஒரு அறையில ரெண்டு முட்டை கெடக்கா பாரு" என்றார்.

அதற்குக் காரணம் உண்டு. ராணி இல்லாமல் போனால் வேலைக்கார ஈக்களே முட்டையிட ஆரம்பிக்கும். அதுகளுக்கு முறை தெரியாது. ஓர் அறையில் இரண்டு, மூன்று என்று இட்டு வைக்கும். அந்த முட்டையால் பயனில்லை. அறைக்கு ஒன்று என்று சீராக இருந்தால் மட்டும்தான் அது ராணியின் வேலை.

ஏழு படம் எடுத்திருந்தேன். ஏழையும் காட்டினேன். எல்லா அறையிலும் ஒன்றே ஒன்று.

இவர் நாற்காலியில் உட்கார்ந்தார். சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். திரையையே பார்த்தார்.

"லில்லி, போன வருசம் ராணி இல்லண்ணு சேத்தோமே ரெண்டு பெட்டி. அதுலயும்…"

பொய் சொல்லியிருக்கலாம். அந்த முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது. "தெரியாது" என்றேன். "அதை நான் படம் எடுக்கல்லியே."

தலையை ஆட்டினார். எழுந்து வெளியே போனார். நான் பின்னாலேயே போனேன், ஏதாவது சமாளிப்பார், நானும் கூடச் சேர்ந்து சமாளிக்கலாம் என்று.

"மக்கா சுகுமாரா, உனக்க பெட்டிய இறக்கண்டாம்" என்றார் இவர். "ராணி உண்டு. முட்டை கெடக்கு. எனக்குக் கண்ணு தெரியல்ல. இவ போட்டோ எடுத்துக் கண்டுபிடிச்சா."

அவ்வளவுதான். ஒரு பூசி மெழுகல் இல்லை. மணிக்கூண்டில் ஏறிய நாளைவிட அன்றைக்கு இவர்மேல் எனக்குப் பிரியம் கூடிப்போனது.

சுகுமாரன் சாயா டம்ளரைக் கீழே வைத்தார். அண்ணாச்சி என்ன சொல்கிறார் என்பதுபோல என்னைப் பார்த்தார். பிறகு தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"அண்ணாச்சி, ஒரு காரியம் சொல்லட்டா? எனக்கும் ரெண்டு வருசமாத் தெரியாது."

"என்னது?"

"முட்டை. நீங்க பாத்தாச்சுண்ணு சொன்னா, நானும் ரெண்டு தரம் தலைய ஆட்டிட்டு பாத்தாச்சுண்ணு சொல்லுவேன். நீங்க இருக்கியளேண்ணு ஒரு தைரியம்."

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஊரில் பாதிப் பேருடைய பெட்டிகளுக்கு ராணி உண்டா இல்லையா என்று தீர்ப்புச் சொல்கிற இரண்டு பேர். முதலில் சிரித்தது இவர்தான். சுகுமாரன் சிரித்த சிரிப்பில் சாயா டம்ளர் உருண்டது. எனக்கு அடக்க முடியாமல் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

கண்ணாடிக் கடை

அன்று மத்தியானமே, சுகுமாரனின் வண்டியில் மூன்று பேரும் மார்த்தாண்டத்துக்குப் போனோம். அடையைப் பெட்டிக்குள் திரும்ப வைக்கும் முன், இவர் அதன் ஓரத்தில் இரண்டு விரல் அகலத்துக்கு வெட்டி எடுத்து, ஒரு எவர்சில்வர் டப்பாவில் வைத்துக்கொண்டார். எதற்கு என்று கேட்டதற்கு, "வண்டியில ஏறு" என்றார்.

கண்ணாடிக் கடையில் கண் பார்க்கிற பெண் சின்ன வயசு, சுறுசுறுப்பானவள். இவரை உட்காரவைத்து, வட்டக் கண்ணாடிகளை மாட்டி மாற்றுகிற அந்தக் கனத்த சட்டத்தை மூக்கில் ஏற்றி, கையில் எழுத்து அட்டையைக் கொடுத்தாள். கடைசி வரியை வாசிக்கச் சொன்னாள்.

இவர் அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"எழுத்து கெடக்கட்டு மோளே. இது தெரியுமா பாரு." டப்பாவைத் திறந்தார்.

எப்படியோ உள்ளே மாட்டியிருந்த ஒரு ஈ எழுந்து பறந்தது. கண்ணாடி வாங்க வந்திருந்த ஒரு பெரியவர் எழுந்து வாசலுக்குப் போய்விட்டார். "அது கொட்டாது, கொட்டாது" என்று சுகுமாரன் எல்லாருக்கும் உத்தரவாதம் கொடுத்துக்கொண்டிருந்தார். அந்தப் பெண் பயப்படாமல், டப்பாவை எட்டிப் பார்த்துவிட்டு, கண்ணாடிகளை மாற்ற ஆரம்பித்தாள்.

"இப்ப மாமா?"

"மங்கலாட்டு இருக்கு."

"இப்ப?"

"அறை தெரியுது. அடி தெரியல்ல."

இன்னொன்றை மாற்றினாள். இவர் அடைத் துண்டை விரல் நுனியில் பிடித்து, வாசல் வெளிச்சத்துக்குத் திருப்பினார்.

"ஒண்ணு" என்றார்.

கொஞ்சம் நகர்த்தினார். "ஒண்ணு."

மறுபடியும் நகர்த்தினார். "ஒண்ணு… ஒண்ணு… ஒண்ணு…"

நிறுத்தவே இல்லை. கடையில் இருந்தவர்கள் எல்லாரும் இவரையே பார்த்தார்கள். அந்தப் பெண் என் காதருகே குனிந்தாள்.

"ஆன்ட்டி, மாமாவுக்கு ஒண்ணுக்கு மேல தெரியல்லியே. பவர் கூட்டிப் பாக்கட்டா?"

"வேண்டாம் மோளே" என்றேன். "ரெண்டு தெரிஞ்சாத்தான் பயப்படணும்."